அட்டையில் வராத சங்கீதம்

வேதத்தின் மெய்மை, வேதத்தின் அதிகாரம் என்று தலைப்புக் கொடுத்து என்னை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். இப்போதுதான் குருப்பட்டம் பெற்றுச் சபைகளை நடத்தச் சேகரங்களுக்குப் போகப்போகிற உங்களுக்கு இதில் நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? ஆவியானவர் ஏவ மனிதர்கள் எழுதினார்கள் என்பதற்கு இறையியல் கல்லூரியில் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியிருப்பீர்கள். ஒரு எழுத்துக்கூடப் பிசகாது என்று ஒரு கட்சி, இரட்சிப்புக்கு வேண்டியதில் பிசகாது என்று இன்னொரு கட்சி, மேசையைத் தட்டி வாதாடி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். நல்லது. அந்தக் கேள்வி இனி உங்களிடம் அந்த உருவத்தில் வராது. நோய் புகுந்த ஒரு வீட்டிலிருந்து வரும். "ஐயா, வேதம் மெய்யா பொய்யா, ஒத்த வார்த்தையில சொல்லுங்க" என்று வரும். சுற்றி நிற்கிறவர்கள் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அது தென்காசியில் வந்தது, அங்கே நான் சபைக் குருவாக, ஊர் வழக்கில் ஐயராக, இருந்தபோது, ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால். கிழவன் கசப்பாக எழுதுகிறான் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் வாக்குத்தத்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஒரு தாம்பாளம் நிறைய அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒவ்வொருவரும் கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுப்பார்கள். அதில் அச்சடித்திருக்கும் வசனம்தான் அந்த வருஷம் முழுக்க அவருக்குக் கர்த்தர் கொடுத்த வாக்கு. பிறகு அது மணிபர்சில் இருக்கும், ஆட்டோவின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், பாவூர்சத்திரம் மண்டிகளில் மேசைக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்கும். கல்யாணமே ஆகாத வாலிபனுக்கு, மலடியாய் இருந்தவள் பிள்ளை பெறுவாள் என்று வரும். கோயில் வாசலே சிரிக்கும். அந்த அளவில் நின்றிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

அந்த அட்டைகள் சிவகாசியில் மொத்தமாக அச்சாகி வருகின்றன. எல்லாமே இனிப்பு. உயர்த்துவேன், பெருகப் பண்ணுவேன், குணமாக்குவேன், அவ்வளவுதான். ஏழையை ஒடுக்குகிறவனைத் தீர்க்கதரிசிகள் பிடித்து உலுக்குகிறார்களே, உனக்குள்ளதை விற்றுக் கொடு என்று ஆண்டவர் சொன்னாரே, அதில் ஒன்றாவது வருமா? ஒரு வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் நான் கேட்டேன், திட்டுகிற வசனத்திலும் ஒரு கட்டு வாங்கிக் கலந்து வைப்போமே என்று. செயலாளர் பதறிவிட்டார். "ஐயா, அத எடுத்தவங்க வருஷம் பூரா அழுவாங்கய்யா. சந்தோஷமா வீட்டுக்குப் போவட்டுமே" என்றார். சரி, போகட்டும் என்று விட்டோம்.

ஜெயசீலி எங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் ஆசிரியை. குரல் கொஞ்சம் கரகரப்பு. அந்தக் குரலிலேயே சிங்கமாகவும் பேசுவாள், சிங்கக் குகையில் போடப்பட்ட தீர்க்கதரிசியாகவும் பேசுவாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும். அவள் கணவர் தனசிங்குக்குப் பாவூர்சத்திரத்தில் தக்காளிக் கமிஷன் மண்டி. எங்கள் கமிட்டியிலும் உறுப்பினர். மழைக்காலத்தில் கோயில் ஓடு பறந்தால் ஆள் கூட்டிக்கொண்டு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

ஜெயசீலிக்கு மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. தென்காசியில் ஒரு பெண் டாக்டரிடம் காட்டினார்கள், பரிசோதனையும் முடிந்தது. ஆரம்ப நிலைதான், திருநெல்வேலிக்குப் போய் உடனே ஆபரேஷன் செய்துகொண்டால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போடாதே என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றார் தனசிங். அதுவும் கழிந்து புத்தாண்டு வந்தது. ஜெயசீலி தாம்பாளத்திலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். பயப்படாதே, நீ சாகமாட்டாய் என்று கர்த்தர் சொல்லுகிற வசனம் அது.

அடுத்த ஞாயிறு சாட்சி வேளையில் தனசிங் அந்த அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னார், பிறகு கர்த்தர் சொன்னதைச் சொன்னார். "யார் சொல்லு நிக்கும்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுக் கண் கலங்கினார். சபை மொத்தமும் அல்லேலூயா என்றது. மத்தியானத்துக்குள் ஜெயசீலியின் படமும் வசனமும் எல்லாருடைய வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் ஏறிவிட்டன. அதற்கப்புறம் அவள் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவாள்? போனால் அது வைத்தியம் இல்லை, அவிசுவாசம். பெண்கள் பக்கத்தில் அவள் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்ததை நான் பீடத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வாரம் பாடசாலை முடிந்து பிள்ளைகள் போனபின் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, நான் ஆஸ்பத்திரிக்குப் போனா கர்த்தரப் பொய்யராக்குனதா ஆயிருமா?"

"ஆகாதும்மா. அந்த வசனம் யாருக்கு, எப்போ சொன்னதுன்னு உனக்கே தெரியுமே."

"தெரியும் ஐயா. எதிரிக்குப் பயந்து ஒளிஞ்சு கோதும அடிச்சவரு, தேவதூதனப் பாத்துட்டு, ஐயோ செத்தேன்னு அலறுதாரு. அவருகிட்ட கர்த்தர் சொன்னது. நாந்தான பிள்ளேளுக்கு வருஷா வருஷம் சொல்லிக் குடுக்கேன்?" என்றாள். பிறகு, "எனக்குத் தெரிஞ்சு என்னய்யா பிரயோஜனம்? எங்கிட்ட சொல்லாதீங்க. அவுங்ககிட்ட சொல்லுங்க. கோயில்ல வச்சு, எல்லாரும் கேக்க சொல்லுங்க. எனக்குப் பொழைக்கணும் ஐயா" என்றாள்.

எனக்குப் பொழைக்கணும். இவ்வளவுதான் அவள் கேட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அந்த அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை நானே வாசித்தேன். ஒரு மனிதனுக்கு, ஒரு நாளில், ஒரு பயத்துக்கு நடுவில் கர்த்தர் சொன்ன சொல் இது. பயந்தவனை அவர் எப்படித் தேற்றுகிறார் என்று இதில் நாம் தெரிந்துகொள்கிறோம், அதனால்தான் இது நமக்கும் வேதம். ஆனால் அந்த மனிதனைத் தள்ளிவிட்டு, அவனுக்குச் சொன்ன சொல்லை மட்டும் கத்தரித்து நம் பையில் போட்டுக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. மருந்து கொடுக்கிறவர்களையும் கர்த்தர்தான் வைத்திருக்கிறார். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, எல்லாருக்கும் புரிந்தது.

தனசிங் எழுந்துவிட்டார். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து கேள்வி கேட்கிற வழக்கம் நம் சபைகளில் இல்லை.

"ஐயா, மன்னிக்கணும். ஒரே ஒரு கேள்வி. வேதம் மெய்யா பொய்யா?"

"மெய். அதனாலதான் முழுசா வாசிக்கச் சொல்லுதேன்."

"அப்ப எம் பொண்டாட்டிக்கு வந்த வசனம்?"

"வந்தது வசனமில்ல தனசிங். அட்டை."

ஒரு பெண் "ஐயையோ" என்றாள். அப்படிச் சொன்னதற்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்று பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். மெதுவாகச் சொன்னால் அவள் மார்பில் இருந்தது மெதுவாக வளருமா?

அன்றைக்கு நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. வேதத்தின் அதிகாரம் என்று ஒருவர் குரலை உயர்த்தும்போது அவசரப்பட்டு ஆமென் சொல்லிவிடாதீர்கள். யார் யார்மேல் அதைச் செலுத்துகிறார் என்று பாருங்கள். அட்டையை எடுத்தது ஜெயசீலியின் கை. அதைப் பிடித்துக்கொண்டு பேசியதோ தனசிங்கின் கை. உனக்கு என்ன தோன்றுகிறது என்று அவளை அந்தச் சபையில் ஒருத்தரும் கேட்கவில்லை. வேதத்தை அத்தனை பேரைவிட நன்றாகப் படித்திருந்தவள் அவள்தான்.

எதிர்பார்த்தபடியே என்மேல் புகார் போயிற்று. ஐயர் வேதத்தை மறுதலிக்கிறார், விசுவாசத்தைக் குலைக்கிறார் என்று. மேலிடத்தில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அங்கே இருந்த பெரியவர் எனக்கு மூத்தவர், நன்றாகப் படித்தவர், வேதத்தை மூல மொழியில் வாசிக்கிறவர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். பிறகு, "நீங்க சொன்னது அத்தனையும் சரிதான் ஐயரே. ஆனா அத ஏன் சொன்னீங்க?" என்றார். எழுந்து வந்து பஸ் ஏறினேன். சபையை ஆறவிடுங்கள், கொஞ்ச நாளைக்கு அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்பது உத்தரவு. சபை ஆறியது. கட்டி ஆறவில்லை. லெந்து என்கிற நோன்பு நாள்கள் போயின, ஈஸ்டரும் போனது.

உத்தரவு எனக்குத்தானே, என் வீட்டம்மாவுக்கு இல்லையே. அவள் ஜெயசீலியைப் பார்த்துப் பேசிப் பேசித் தைரியப்படுத்தினாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். இரண்டு பேருமாகக் காலை பஸ்ஸில் போய்விடுவது என்று ஏற்பாடு. சொல்லிவிட்டுத்தான் போவேன், திருடி மாதிரிப் போகமாட்டேன் என்று ஜெயசீலி முந்தின நாள் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். அவள் குணம் அப்படி.

காலையில் என் வீட்டம்மா தென்காசி பஸ் ஸ்டாண்டில் பையும் பிளாஸ்க்குமாக நின்றாள். திருநெல்வேலி பஸ்கள் வந்தன, போயின. ஜெயசீலியின் போன் அணைந்திருந்தது. வெயில் ஏறியபின் தனசிங்கின் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது: ஒரு மண்டபம், தரையில் வரிசையாகப் பாய்கள், ஓரத்தில் முக்காடு போட்டபடி ஜெயசீலி. 'உபவாச ஜெபத்தில் என் துணைவி' என்று எழுதியிருந்தார்.

குற்றாலத்தில் ஐந்தருவி போகிற ரோட்டில் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துக் குணமளிக்கும் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். சீசன் நேரம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தலை சொட்டச் சொட்ட எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஜனங்கள் அருவிக்குப் போவதும் ஈரத் துண்டோடு வருவதுமாக இருந்தார்கள். ரம்புட்டான் விற்கிறவன் வழியை மறித்து, "சாமி, ஒரு கிலோ போடட்டா" என்றான். நான் அங்கியோடு போயிருந்தேன். அங்கி இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

ஜெயசீலி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தனசிங் மண்டிக்குப் போயிருந்தார். தக்காளி வரத்து அதிகமாம்.

"தோத்திரம் ஐயா" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு சொன்னாள்: "இங்கன வாரவங்க எல்லாரும் என்னப் பாத்து, நீ சாவமாட்ட, நீ சாவமாட்டன்னு சொல்லுதாங்க ஐயா. ஒருத்தராவது வலிக்குதான்னு கேக்கல."

"வலிக்குதாம்மா?"

"வலிக்கி ஐயா."

இப்பவே கிளம்பு, கார் பிடிக்கிறேன் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நான் இங்கிருந்து எழுந்து போனால் வீட்டுக்காரர் சபையில் முகம் காட்டமாட்டார், வீட்டிலும் என்னை மன்னிக்கமாட்டார், எனக்கு இனிச் சண்டை போடத் தெம்பு இல்லை என்றாள். ஒன்று மட்டும் செய்யச் சொன்னாள்.

"சங்கீதத்துல ஒண்ணு இருக்குல்லா ஐயா, எண்பத்தெட்டு. ஆறுதலே கெடையாது. கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்து, தெரிஞ்சவங்க எல்லாம் மறைஞ்சு போனாங்கங்கறதோட முடிஞ்சிரும். அது எந்த அட்டையிலயும் வராது. அத எனக்கு வாசிங்க."

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியதை நான் பார்த்தேன். வேதம் மெய் என்று என் வாழ்நாள் முழுக்கப் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். அந்தப் பாயில் உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு மெய் என்று எனக்கு உறைத்தது. வலிக்கிறவளிடம் வலிக்கவில்லை என்று அது சொல்லவில்லை. எனக்குப் பதில் வரவில்லையே என்று கடவுளிடமே கத்துகிற ஒரு மனிதனுடைய சொல்லையும் சேர்த்து, இதுவும் என் வார்த்தைதான் என்று கர்த்தர் ஒத்துக்கொண்டிருக்கிறார். இதைவிடப் பெரிய அதிகாரம் ஒரு புத்தகத்துக்கு வேண்டுமா?

பாதி வாசிக்கும்போதே மார்பில் பேட்ஜ் குத்திய ஒரு தொண்டர் வந்து என் தோளைத் தொட்டார். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இங்கன அவிசுவாசமான வசனம்லாம் வாசிக்கப்படாது. குணமாவுறது தடபட்டுரும்" என்றார்.

வேதத்தின் பெயரால் கூடிய கூட்டத்தில் வேதத்தை வாசிக்கக் கூடாதாம். கேட்டுக்கொள்ளுங்கள். நான் அவர் கையை எடுத்துவிட்டு, கடைசி வரிவரைக்கும் வாசித்து முடித்தேன். "என்னை அடக்கம் பண்ணும்போது இதத்தான் வாசிக்கணும் ஐயா. பொய் சொல்லி அனுப்பீராதீங்க" என்றாள் ஜெயசீலி. கையெடுத்துக் கும்பிட்டாள்.

கடைசியில் தனசிங்கே அவளைத் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதற்குள் எலும்பு வரைக்கும் போய்விட்டது. ஏன் முதலிலேயே கூட்டி வரவில்லை என்று டாக்டர் கேட்டிருக்கிறார். வடகிழக்கு மழை தொடங்குமுன் ஜெயசீலி போய்விட்டாள்.

சாவு வீட்டில் தனசிங் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்கள் அழுது அழுது சிவந்திருந்தன. அவர் அவளை நேசிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஆனால் அவர் கேட்டது இது:

"ஐயா, அந்த வசனத்தையே வாசிச்சு அடக்கம் பண்ணணும். கல்லுலயும் அதத்தான் வெட்டச் சொல்லியிருக்கேன். வசனம் பொய்யாவல ஐயா. அவ சாவல, நித்தியத்துல இருக்கா. இப்பத்தான் எனக்கு வெளங்குது."

கவனித்தீர்களா? பிழைப்பாள் என்று சொன்ன வசனம், அவள் பிழைக்காதபோது பரலோகத்தைச் சொன்ன வசனமாகிவிட்டது. வசனத்துக்கு ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிவிட்டார்கள். அவளைக் காப்பாற்ற இந்தச் சாமர்த்தியத்தில் பாதி போதுமாக இருந்தது. நித்திய ஜீவனை நானும் விசுவாசிக்கிறேன். அதைச் சொல்ல வேதத்தில் எத்தனையோ இடம் இருக்கிறது. இந்த இடத்தை அதற்கு இழுத்துவந்து நிறுத்தியது அவளுக்காக அல்ல.

"அவ வேற கேட்டிருக்கா தனசிங். அதத்தான் வாசிப்பேன்" என்றேன்.

கமிட்டியார் சுற்றிக்கொண்டார்கள். இந்த நேரத்தில் பிடிவாதம் வேண்டாம், வீட்டுக்காரர் மனம் நோகும், ஊர் ஒரு மாதிரிப் பேசும் என்றார்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். உயிரோடிருப்பவர்கள் எல்லாரும் ஒரு பக்கம், பெட்டிக்குள் இருக்கிறவள் ஒரு பக்கம். நான் கல்லறைத் தோட்டத்தில் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை முழுவதும் வாசித்தேன். சிலர் வெயிலுக்குப் பிடித்த குடையோடு பாதியிலேயே வெளியே போனார்கள். உயிர்த்தெழுதலைச் சொல்லும் பகுதியை அதற்கு அப்புறம்தான் வாசித்தேன். கல்லில் மட்டும் அட்டை வசனத்தைத்தான் வெட்டினார்கள். இப்போதும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

நான் ஓய்வு பெறுகிற வருஷம், ஒரு நாள் தக்காளி ஏலத்தின் நடுவில் தனசிங் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய மேசைக்கு மேலே அந்த வருஷத்து அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஆயுசு நாள்களைக் கூட்டிக் கொடுப்பேன் என்று என்னவோ. அதை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "ஏலே, வண்டிய எடுங்கலே, ஆஸ்பத்திரிக்கு விடுங்கலே" என்று அவரே கத்தியிருக்கிறார். சுமை தூக்குகிறவர்கள் தக்காளி டெம்போவிலேயே போட்டு அள்ளிக்கொண்டு போய், பிறகு ஆம்புலன்சில் திருநெல்வேலிக்கு ஏற்றினார்கள். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். நன்றாக இருக்கட்டும்.

பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியுமா, அவரும் என் சபையார்தானே.

"டாக்டர்மார் கையக் கொண்டுல்லா கர்த்தர் எனக்குச் சொகங் குடுத்திருக்காரு ஐயா" என்றார்.

எனக்கு நாக்கின் நுனியில் என்னவெல்லாமோ வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவளிடம் கேட்டதையே இவரிடமும் கேட்டேன்.

"வலிக்குதா தனசிங்?"

"வலிக்கி ஐயா" என்றார். அவள் சொன்ன மாதிரியே. பிறகு, "மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. ஒரு நல்ல வாக்குத்தத்தமா வாசிங்க ஐயா" என்றார்.

பைபிளைத் திறந்தேன். எண்பத்தெட்டாம் சங்கீதத்தை எடுத்து, நிறுத்தாமல் கடைசிவரைக்கும் வாசித்தேன். ஆறுதலான வரி எங்கேயாவது வரும் என்று அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை, முடிந்துவிட்டது.

"இது யாருக்கு வந்த வசனம் ஐயா?" என்று கேட்டார்.

"ஜெயசீலிக்கு" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அவர் திரும்புகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.